அருஞ்சொற்பொருள் போட மாட்டோம்

கேள்வி: உங்கள் இதழில் வரும் கரிசல், நாஞ்சில், கொங்குக் கதைகளில் பல வார்த்தைகள் எனக்குப் புரிவதில்லை. பாடப்புத்தகத்தில் இருப்பதுபோலக் கதைக்கு அடியில் அருஞ்சொற்பொருள் கொடுத்தால் என்ன? இல்லையென்றால் எல்லோருக்கும் புரியும் தமிழில் எழுதச் சொல்லுங்களேன்.
(சென்னை வாசகர் ஒருவர்)

பதில்: இரண்டையும் செய்ய மாட்டோம்.

'கமலை' என்று ஒரு சொல் வருகிறது. அடிக்குறிப்பு போட்டால், 'மாடு கட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் முறை' என்று ஒரு வரி. சரி என்று தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவீர்கள். அதே சொல்லைக் கதைக்குள் பாருங்கள். விடியும் முன்பே ஒருவர் மாடுகளைப் பூட்டுகிறார். அவை சரிவில் இறங்கும்போது வடத்தின் மேல் ஏறி உட்காருகிறார். அவர் கனமும் சேர்ந்து இழுக்க, கூனை மேலே வந்து தண்ணீர் வாய்க்காலில் கொட்டுகிறது. மாடுகள் பின்னாலேயே நடந்து மேடேறுகின்றன, மறுபடி இறங்குகின்றன. வெயில் ஏறுகிறது, கிணற்றில் தண்ணீர் கீழே போய்க்கொண்டே இருக்கிறது, கடைசிப் பாத்தி இன்னும் நனையவில்லை. பம்ப்செட் காலத்தில் பிறந்தவருக்கும் இதைப் படித்தால் கமலை என்பது என்ன பாடு என்று தெரிந்துவிடும். அடிக்குறிப்பால் அது ஆகாது.

'ஏனம்' என்று அகராதியில் தேடினால் பாத்திரம் என்றும் இருக்கும், பன்றி என்றும் இருக்கும். 'ஏன முளைக்கொம்பு' என்று சம்பந்தர் பாடியது பன்றியின் கொம்பை. ஒரு தென்மாவட்டக் கதையில், சாப்பிட்டு முடித்த அம்மா ஏனத்தைக் கழுவிக் கவிழ்த்தாள் என்று வந்தால் யாருக்காவது சந்தேகம் வருமா?

'வெள்ளந்தி'க்குக் கள்ளங்கபடமற்றவர் என்று பொருள் போடலாம், தப்பில்லை. ஆனால் பெற்றவள் தன் மகனைப் பற்றிச் சொன்னால் அதில் பாசமும் கவலையும் சேர்ந்திருக்கும். அதே சொல்லை மாட்டுத் தரகர் பக்கத்து ஆளிடம் சொன்னால், ஏமாற்றத் தோதான ஆள் வந்திருக்கிறார் என்று அர்த்தம். சொன்னது யார், யாரிடம், எந்த நேரத்தில் என்பதும் பொருளில் அடக்கம். இதைக் கதை எழுதுகிறவர்தான் தர முடியும்.

அகராதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கதையை வைத்து ஊகிப்பது சில சமயம் தவறாகவும் போகும். படித்து முடித்தபின் எடுத்துப் பாருங்கள். 1992-இல் முதலில் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியங்களும் தருகிறது. சொல் புழங்கும் விதத்தைக் காட்டாமல் பொருள் நிற்காது என்று அதைத் தொகுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கி. ராஜநாராயணன் கரிசல் வழக்குக்கு ஓர் அகராதியே தொகுத்து 1982-இல் வெளியிட்டார். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே அந்தச் சொற்களைத் தன் கதைகளில் தயங்காமல் புழங்கவிட்டவர் அவர்.

இரண்டாவது யோசனைதான் எனக்கு வருத்தம் தருகிறது. 'எல்லோருக்கும் புரியும் தமிழ்' எந்த ஊர்த் தமிழ்? 'பைய வா' என்று நெல்லைக்காரர் சொன்னால் கொச்சை என்று நினைக்கிறோம். 'பசையினள் பைய நகும்' என்று குறளில் இருக்கிறது. வட்டாரச் சொல்லை எடுத்துவிட்டு நமக்குப் பழகிய சொல்லைப் போட்டால், அந்த மனிதர்கள் தங்கள் வாயால் பேசுவதை நிறுத்திவிடுகிறார்கள்.

ஒன்று மட்டும் செய்கிறோம். கதையின் முடிச்சே ஒரு சொல்லில் இருந்து, அதைப் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் எந்தத் தடயமும் இல்லையென்றால், எழுதியவரைக் கூப்பிட்டுப் பேசுகிறோம். ஒரு கைவேலையோ, எதிராளியின் ஒரு பதிலோ சேர்த்தால் போதும், அடிக்குறிப்பு தேவைப்படாது. அதையும் மீறிப் புரியாத சொல் எதுவென்று எழுதுங்கள், அந்தக் கதையைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன்.