மச்சான் சொன்னதும் மெட்டல் மாஸக்கரும்

கேள்வி: ஹெவி மெட்டலில் உங்களுக்குப் பிடித்த தொகுப்பு ஆல்பங்கள் எவை? 'தொகுப்பு வாங்குகிறவன் ரசிகனே இல்லை, ஒரிஜினல் ஆல்பத்தை முழுசாகக் கேட்க வேண்டும்' என்கிறான் என் மச்சான். – ஒரு வாசகர், பெரம்பூர்.

பதில்: முதலில் மச்சானைக் கவனிப்போம். ஆல்பங்கள் எங்கேயும் ஓடிவிடாது.

மெட்டல் கேட்கிற குடும்பம் எதை எடுத்தாலும் அதில் ஒரு மச்சான் இருக்கிறார். அக்னி நட்சத்திரத்திலும் கறுப்பு டி-ஷர்ட். எந்த பேண்டைச் சொன்னாலும் 'முதல் ரெண்டு ஆல்பம் வரைக்கும் ஓகே' என்பார். பாடகர் மாறினால் துக்கம், டிரம்மர் மாறினால் தீட்டு. பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணின் அண்ணன், மெட்டாலிகா பேண்ட் வேகத்தைக் குறைத்துப் போட்ட 'பிளாக் ஆல்பம்' டி-ஷர்ட்டோடு வந்து நின்றால், பஜ்ஜியைத் தொடாமல் எழுந்து வந்துவிடுவார். இத்தனை ஆசாரம் பார்ப்பவர் வீட்டு மியூசிக் சிஸ்டத்தைப் போய்ப் பாருங்கள். ஈக்வலைசரில் பேஸும் டிரெபிளும் உச்சத்தில், நடுவில் உள்ள குமிழ்கள் எல்லாம் தரையில். மெட்டலில் கிட்டாரும் குரலும் குடியிருப்பதே அந்த நடுப்பகுதியில்தான். அதை இறக்கிவிட்டு டபுள் பேஸ் டிரம்மையும் சிம்பலையும் மட்டும் கேட்டுக்கொண்டு, தொகுப்பு கூடாது என்று தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பை அப்படியே ஏற்றாலும் நஷ்டம் மச்சானுக்குத்தான். அவர் கும்பிடும் மெட்டாலிகாவையே எடுங்கள். 1982-இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிரையன் ஸ்லேகல், அறிமுகமாகாத பேண்டுகளைச் சேர்த்து 'மெட்டல் மாஸக்கர்' என்று ஒரு தொகுப்பு போட்டார். பின்னாளில் மெட்டாலிகாவின் டிரம்மரான லார்ஸ் உல்ரிக் அதில் இடம் கேட்டு வாங்கியபோது அவரிடம் பேண்டே கிடையாது. இடம் கிடைத்த பிறகுதான் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டைப் பிடித்தார். 'ஹிட் த லைட்ஸ்' பாட்டை நாலு டிராக் மெஷினில் பதிவு செய்து, கடைசி நேரத்தில் கேசட்டாகக் கொண்டுவந்து நீட்டினால், ரீல் டேப்பில்தான் வேண்டும் என்கிறார்கள். மாற்றித் தர 50 டாலர். லார்ஸிடமும் இல்லை, ஸ்லேகலிடமும் இல்லை. கூட நின்ற நண்பர் கொடுத்தார். உறையில் பேண்டின் பெயர் ஒரு 'டி' கூடுதலாக அச்சானது. அடுத்த அச்சில் பெயரைத் திருத்தினார்கள், பாட்டின் பதிவையும் மாற்றினார்கள். 1983-இல் 'கில் எம் ஆல்' ஆல்பத்தில் இருப்பது மூன்றாவது பதிவு. 'ஒரிஜினல் ஆல்பம் மட்டும்' என்று உட்கார்ந்திருப்பவர் காதில் முதல் பதிவு விழவே விழாது.

அதே வரிசையின் மூன்றாவது தொகுப்பில்தான் 1983-இல் ஸ்லேயர் பேண்ட் தலைகாட்டியது. 'அக்ரெசிவ் பர்ஃபெக்டர்' என்ற அந்தப் பாட்டு, அதே ஆண்டு வந்த அவர்களுடைய முதல் எல்பியில் இல்லை. 1984-இன் 'ஸ்காண்டினேவியன் மெட்டல் அட்டாக்' இல்லாவிட்டால் ஸ்வீடன் பேண்ட் பாதரியின் முதல் இரண்டு பாட்டு இல்லை. லண்டன் டி.ஜே. நீல் கே பொறுக்கி எடுத்து, ஈ.எம்.ஐ. 1980 பிப்ரவரியில் வெளியிட்ட 'மெட்டல் ஃபார் மதாஸ்' அயன் மெய்டனின் முதல் ஆல்பத்துக்கு இரண்டு மாதம் மூத்தது. அதில் உள்ள 'ராத்சைல்ட்' பாட்டு ஒரிஜினல் ஆல்பத்தில் வர 1981-இன் 'கில்லர்ஸ்' வரை காத்திருக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தவை இவைதான். வேறு எங்கும் இல்லாத பதிவு ஒன்றாவது இருந்தால் அது தொகுப்பு. இல்லாவிட்டால் கம்பெனியின் வருடக் கடைசிக் கணக்கு முடிப்பு. பேண்டுகளின் 'பெஸ்ட் ஆஃப்' ரகத்தில் இந்தச் சோதனையில் தேறுவது மிகக் குறைவு. மோட்டர்ஹெட்டின் 'நோ ரிமோர்ஸ்' தேறும்: 1984, இரட்டை எல்பி, நாலு புதுப் பாட்டு, அதில் ஒன்று 'கில்ட் பை டெத்'. பேண்டில் ஆள் மாறிய கையோடு வந்த தொகுப்பு என்பதால், பழைய குழு எங்கே முடிகிறது, புதுசு எங்கே தொடங்குகிறது என்று ஒரே உட்காரலில் கேட்கலாம்.

ஏமாற்றும் ரகமும் உண்டு. சாக்சனின் 'ஹெவி மெட்டல் தண்டர்' 2002-இல் வந்தது. பாட்டெல்லாம் பழசு, பதிவெல்லாம் புதுசு. மெய்டனின் 'சம்வேர் பேக் இன் டைம்' 2008-இல் வந்தது. பால் டியானோ பாடிய காலத்துப் பாட்டுகளுக்கு அதில் புரூஸ் டிக்கின்சன் பாடிய மேடைப் பதிவுகளைப் போட்டிருக்கிறார்கள். பணம் கொடுக்கும் முன் உறையின் பின்பக்கப் பொடி எழுத்தில் 'ரீ-ரெகார்டட்', 'லைவ்' இரண்டையும் தேடுங்கள். பிறகு பாட்டின் நீளத்தைப் பழைய ஆல்பத்தோடு ஒப்பிடுங்கள். ஐந்து, பத்து விநாடி வித்தியாசம் என்றால் வேறு பதிவாக இருக்கலாம். முதல் அரை நிமிஷத்தில் டிரம்ஸின் சத்தமே காட்டிக் கொடுத்துவிடும்.

நீங்களே தொகுப்பதாக இருந்தால் ஒரு வேலை பாக்கி. 1980-இன் பதிவு சத்தம் குறைவு. 2008-இன் பதிவு காதைப் பிடுங்கும். பிளேயரில் சத்தத்தைச் சமன் செய்யும் ரீப்ளேகெய்ன் வசதி இருந்தால், தொகுப்புக்கு 'டிராக்' நிலையில் வையுங்கள். 'ஆல்பம்' நிலை ஒரே ஆல்பத்தை முழுசாகக் கேட்பவருக்கு.

அந்தக் காலத்து மெட்ராஸ் ரெகார்டிங் சென்டர்களில் இந்தக் கவலை எல்லாம் இருந்ததில்லை. லிஸ்ட் எழுதிக் கொடுத்தால், 90 நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு 45 நிமிஷம் அடைத்துக் கொடுப்பார்கள். மெய்டனின் 'பவர்ஸ்லேவ்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ஒரு கிழட்டு மாலுமியின் கதை, 13 நிமிஷத்துக்கு மேல்; அதைப் பக்கத்தின் கடைசியில் போட்டால் மாலுமி நடுக்கடலில் நிற்க, கேசட் 'டக்'. மிச்சம் அடுத்த பக்கத்தில் கிடையாது, அங்கே வேறு பாட்டு. ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் இன்னொரு படம் என்று சினிமாக் கேசட் வாங்கிப் பழகிய ஊர். யாரும் கேள்வி கேட்கவில்லை.

அந்தக் கேசட்டுகள் பரணில் இருந்தால் அப்படியே டெக்கில் போட்டுவிடாதீர்கள். டேப் சுருளில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது நம் ஊர் ஈரம் வளர்த்த பூஞ்சை. ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். ரப்பர் ரோலருக்கு அது வேண்டாம், ரப்பர் வெடிக்கும். சோப்புத் தண்ணீர் போதும். சத்தம் மங்கலாக, டிரெபிள் செத்துக் கேட்டால் டேப்புக்குப் பின்னால் உள்ள சின்னப் பஞ்சுப் பட்டையைப் பாருங்கள். வெயிலில் பசை காய்ந்து விழுந்திருக்கும். நல்ல காலிக் கேசட் ஒன்றின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, பழசின் இரண்டு சுருளையும் தூக்கி அந்த உடம்பில் வையுங்கள், டேப் முறுக்கிக்கொள்ளாமல். அப்பாவின் சீர்காழி கோவிந்தராஜன் கேசட்டுகளைப் பற்றிக் கேட்டிருந்த ஆலந்தூர் வாசகருக்கும் இதே பதில்தான்.