'குறைந்தது' என்ற சொல்லும் திரும்பிப்போகும் குறியும்

கேள்வி: கோடு வரையச் சொன்னால் பிசகாமல் வரைந்துவிடுகிறேன். நேரிய அசமன்பாடுகளை (≤, ≥ குறி வரும், வரைபடத்தில் நேர்கோடாகும் கணக்குகளை) வாக்கியக் கணக்காகக் கொடுத்தால் மட்டும் ஒவ்வொரு முறையும் குறி திரும்பிப்போகிறது. கடைசியாகத் தப்பு விட்ட கணக்கு இது: ஒரு வண்டியில் 900 கிலோவுக்கு மிகாமல் ஏற்றலாம். சிறிய பெட்டி 20 கிலோ, பெரிய பெட்டி 50 கிலோ. குறைந்தது 24 பெட்டிகள் போக வேண்டும். சிறியவை, பெரியவற்றைப் போல இருமடங்குக்கு மேல் போகக் கூடாது. எனக்குக் கணக்கே வராதா?

பதில்: தம்பி, வரும். நீங்கள் அனுப்பிய தாளை இரண்டு முறை பார்த்தேன். கோடுகள் அத்தனையும் சரி. இடறும் இடம் அதற்கு முன்பே, வாக்கியத்தைப் படிக்கும்போதே இருக்கிறது.

'குறைந்தது 24' என்று பார்த்ததும் உங்கள் கை ≤ போட்டுவிட்டது. அந்தச் சொல்லுக்குள் 'குறை' இருக்கிறதே, அதுதான் இழுத்துவிடுகிறது. 'அதிகபட்சம்' என்று வந்தால் இதே போல ≥ போடத் தோன்றும். நிறையப் பேர் விழும் குழி இது. அதனால் சொல்லைப் பார்த்துக் குறி போடாதீர்கள், ஓர் எண்ணை வைத்துக் கேளுங்கள். 30 பெட்டி போனால் கணக்கு ஏற்குமா? ஏற்கும். அப்படியானால் 30 பொருந்துகிற குறிதான் சரி. சிறியவற்றின் எண்ணிக்கை ச, பெரியவற்றின் எண்ணிக்கை ப என்றால், ச + ப ≥ 24.

இருமடங்கு வாக்கியம் இன்னும் பொல்லாதது. நீங்கள் 2ச ≤ ப என்று எழுதியிருக்கிறீர்கள். 'சிறியவை', 'இருமடங்கு' என்ற வரிசையிலேயே படித்ததால் 2 போய் ச-வோடு ஒட்டிக்கொண்டது. இங்கும் எண்ணை வைத்துப் பாருங்கள். சிறியவை 20, பெரியவை 10 என்றால் சரியாக இருமடங்கு, அதற்கு அனுமதி உண்டு. உங்கள் வரியில் போட்டால் 40 ≤ 10 என்று வருகிறது! ச ≤ 2ப என்றால் 20 ≤ 20, பொருந்துகிறது.

எடை வரி சுலபம்: 20ச + 50ப ≤ 900, அதாவது 2ச + 5ப ≤ 90. 'மிகாமல்' என்றால் 900-உம் சேர்த்தி, ஆகவே கோட்டை முழுக்கோடாகப் போடுங்கள். '900-க்குக் குறைவாக' என்று இருந்தால் விட்டுவிட்டுப் போடும் கோடு. <, > குறிகள் ஆங்கிலக் கணிதர் தாமஸ் ஹாரியட்டின் நூலில் 1631-இல் அச்சேறின. 'அல்லது சமம்' என்பதையும் சேர்த்து ஒரே குறியாக பிரெஞ்சு அறிஞர் பியர் பூகே எழுதியது 1734-இல்தான். நூறு வருடம் கழித்து வந்த அந்த அடிக்கோட்டைக் கொஞ்சம் மதியுங்கள்.

கோட்டின் எந்தப் பக்கம் பொருந்தும் என்று நிழலிடும்போது பார்க்க (0, 0)-ஐ வைத்துப் பார்ப்பீர்கள், நல்ல பழக்கம். ஆனால் ச = 2ப கோடு அந்தப் புள்ளி வழியாகவே போகிறது, அங்கே அது உதவாது. (10, 0), அதாவது ச = 10, ப = 0 போட்டுப் பாருங்கள். 10 ≤ 0 பொய், எனவே எதிர்ப்பக்கம்.

மூன்றும் சேர்ந்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். முனைகள் (10, 14), (20, 10), (16, 8). அதற்குள் முழு எண் புள்ளிகளை மட்டும் எடுங்கள், அரைப் பெட்டியை யாரும் ஏற்ற மாட்டார்கள். அதிகமாக எத்தனை பெட்டி போகும் என்று கேட்டால் முனைகளைப் பார்த்தால் போதும்: 20 + 10 = 30. இப்படிப்பட்ட கணக்குகளில் மிகச் சிறந்த விடையைத் தேட அமெரிக்கக் கணிதர் ஜார்ஜ் டான்ட்சிக் 1947-இல் உருவாக்கிய சிம்ப்ளெக்ஸ் முறையும் இப்படி முனைக்கு முனை நகர்வதுதான். முனை பின்னத்தில் விழுந்தால் மட்டும் உஷார்: அதை முழு எண்ணாக்கினால் புள்ளி பகுதிக்கு வெளியே போய்விடலாம், மூன்று வரியிலும் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

சரி, இப்போது பழைய விடைத்தாள்களை எடுங்கள். குறி திரும்பிய இடங்களில் எத்தனை 'குறைந்தது', எத்தனை 'இருமடங்கு' என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். எது அதிகமோ அதிலிருந்து அடுத்த கடிதத்தில் தொடங்குவோம்.