ஆன்லைன் மீட்டிங்கில் யாருமே வாய் திறப்பதில்லை. சுவாரசியமாக நடத்துவது எப்படி?

நீங்கள் புதிதாக டீம் லீட் ஆகியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சம்பளம் ஏறியதோ இல்லையோ, காலண்டர் நிரம்பியிருக்கும். நான் பெங்களூரில் பதினான்கு வருடமாக ஐடியில் குப்பை கொட்டுகிறேன். நிபுணன் இல்லை. இதற்கென்றே வகுப்பு எடுப்பவர்கள் வந்து சண்டை போட வேண்டாம்.

2020-ல் ஊரடங்கு வந்ததும் செவ்வாய்க்கிழமை மீட்டிங் என் தலையில் விழுந்தது. பத்தொன்பது பேர். பாதி இங்கே, மீதி சென்னையிலும் அமெரிக்கக் கிழக்குக் கரையிலும். இரவு ஏழரைக்கு. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியதும் எங்களுக்கு எட்டரை. வீட்டில் தோசைக்கல் காயும் நேரம்.

சுவாரசியமாக்க நானும் என்னென்னவோ செய்தேன். க்விஸ் வைத்தேன். "உங்கள் பின்னால் தெரியும் பொருளின் கதையைச் சொல்லுங்கள்" என்று ஒரு விளையாட்டு. ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "பீரோ" என்றார். அவ்வளவுதான் கதை.

அப்புறம் ஒரு செவ்வாய். ஸ்கிரீனை ஷேர் செய்து மூன்று மாதத் திட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் இரண்டு தடவை "எல்லாருக்கும் ஓகேவா?" என்று கேட்டேன். பதில் இல்லை, ஆகவே ஓகே. பன்னிரண்டு நிமிடம் கழித்து மதுரைப் பக்கத்திலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்த தம்பி எனக்கு மட்டும் சாட்டில் எழுதினான்: "அண்ணா, மூணாவது ஸ்லைடுலயே நிக்குது." நான் அப்போது பதினோராவதில் இருந்தேன்.

வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு மறுநாள் அவனைக் கூப்பிட்டேன். "ஏன்டா அப்பவே சொல்லல?"

"சீனியர் எல்லாம் சும்மா இருக்காங்க, நான் எப்படிண்ணா சொல்றது? அதுவுமில்லாம நீங்க கேள்வி கேட்டுட்டு நிக்கறதே இல்ல. மியூட்டை எடுக்கறதுக்குள்ள அடுத்ததுக்குப் போயிடறீங்க."

சுருக்கென்றது. ஆனால் உண்மை. நேரில் பேசும்போது ஒருவர் முடித்ததும் அடுத்தவர் தொடங்க சராசரியாக விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆகும் என்று பல மொழிகளை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆன்லைனில் மியூட் பட்டனைத் தேடவே அதைவிட நேரமாகும். தேடி எடுத்தால் இரண்டு பேர் ஒன்றாகப் பேசி, "நீங்க சொல்லுங்க", "இல்ல, நீங்க சொல்லுங்க" என்று கல்யாணப் பந்தி உபசாரம் நடக்கும். இதற்குப் பயந்தே பாதிப் பேர் வாயைத் திறப்பதில்லை. உடனே அவர்களுக்கு ஆர்வமில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அதன்பின் "ஓகேவா" என்று கேட்பதை விட்டேன். முந்தின நாளே இரண்டு பக்கம் எழுதி அனுப்பி, "இந்தப் பகுதியில் உன் கருத்தைக் கேட்பேன்" என்று பெயர் சொல்லி எச்சரித்துவிடுவேன். திடீரென்று பெயரைக் கூப்பிட்டால் அது பள்ளிக்கூடம். மீட்டிங்கில் முதல் ஐந்து நிமிடம் எல்லாரும் அதைப் படிப்போம். என் கண்டுபிடிப்பு இல்லை. அமேசானில் 2004-லேயே மேல்மட்டக் கூட்டங்களில் ஸ்லைடை நிறுத்திவிட்டு எழுதிய குறிப்பைக் கொண்டுவந்தார்கள், அதைக் கூட்டத்திலேயே மௌனமாக உட்கார்ந்து படிப்பார்கள். கேள்வி கேட்டால் மனதுக்குள் பத்து எண்ணுவேன். ஆறு வரும்போது யாராவது பேசிவிடுவார்கள்.

கேமராவைக் கட்டாயமாக்காதீர்கள். "முகம் தெரியாவிட்டால் தூங்குவார்கள்" என்னும் மேனேஜர்கள் மன்னிக்கவும், முகத்தைக் காட்டிக்கொண்டும் தூங்கலாம், நான் தூங்கியிருக்கிறேன். நாள் முழுக்கத் திரையில் தன் முகத்தையே பார்ப்பதும் களைப்புக்கு ஒரு காரணம் என்று ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லென்சன் 2021-ல் எழுதினார். சலூனில்கூட அரை மணிதான் கண்ணாடி முன் உட்காருகிறோம்.

எனக்குக் கேமரா பிடிக்காததற்கு வேறு காரணமும் உண்டு. முருகேஷ்பாளையாவில் நான் இருந்த வாடகை வீட்டில் பின்சுவர் முழுக்க ஓதம். கடற்கரைப் படத்தை வைத்து மறைத்துத்தான் மீட்டிங்குக்கு வருவேன். ஓனரிடம் நாலு தடவை சொல்லியும் ஆள் அனுப்பவில்லை. பத்து மாத அட்வான்ஸ் கொடுத்த வீடு. காலி செய்யும்போது அதே சுவரைக் காட்டி, பெயின்ட்டுக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். இந்த ஊரில் அது வழக்கமாம். யார் வைத்த வழக்கமோ!

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஆளைக் குறையுங்கள். நான் பத்தொன்பதை ஏழாக்கினேன், மற்றவர்களுக்கு நாலு வரிக் குறிப்பு போய்விடும். பன்னிரண்டு பேரில் ஒருவர் மட்டும் வருத்தப்பட்டார். அந்த அரை மணியில்தான் அவர் நிம்மதியாகச் சாப்பிடுவாராம்.