நிறுவனம் வளர்கிறது என்று வாராவாரம் மெயில் வருகிறது, எங்களுக்கு மட்டும் ஏன் எதுவும் வளரவில்லை?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: நீங்கள் வேலை பார்க்கும் பன்னாட்டு ஐடி சேவை நிறுவனத்தில் "பெரிய ஒப்பந்தம் கிடைத்தது", "சாதனைக் காலாண்டு", "புதிய நாட்டில் டெலிவரி சென்டர்" என்று மெயிலுக்கு மேல் மெயில். சம்பள உயர்வு மட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது, பெஞ்சில் (ப்ராஜெக்ட் இல்லாமல் காத்திருக்கும் வரிசையில்) ஆள் கூடிக்கொண்டே போகிறது. செய்தி பொய்யா, இங்கேயே இருக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

பொய் இல்லை. (சத்யம் என்ற ஐடி நிறுவனத்தின் கணக்கு மோசடி 2009 ஜனவரியில் வெடித்ததே என்று யாராவது கமெண்டில் வருவீர்கள். அது வேறு கதை, அங்கே கணக்கே பொய். நான் பேசுவது கணக்கு ஒழுங்காக இருக்கும் நிறுவனங்களைப் பற்றி.) ஆனால் அந்தச் செய்தி உங்களுக்காக எழுதப்பட்டது இல்லை. பங்கு வாங்குபவருக்கும் அடுத்து ஒப்பந்தம் போடப்போகும் க்ளையண்டுக்கும் எழுதியதில் உங்களுக்கும் ஒரு நகல் வருகிறது, அவ்வளவுதான். நான் பல வருடங்களாக ஒப்பந்தங்களுக்கு விலை போடும் பக்கத்தில் இருக்கிறேன். ஆர்எஃப்பி (க்ளையண்ட் விலை கேட்டு அனுப்பும் ஆவணம்) வந்தால் எத்தனை ஆள், எந்த கிரேடு, ஆன்சைட்டில் (க்ளையண்ட் இடத்தில்) எத்தனை, ஆஃப்ஷோரில் (இங்கிருந்தே) எத்தனை என்று எக்செலைத் திறந்து வைத்துக்கொண்டு ராத்திரி வரை மல்லுக்கட்டும் கூட்டம். அதனால் இந்த மெயில்களைப் பார்த்தால் தலைப்பை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் கணக்கைத்தான் தேடுவேன்.

முதலில் டிசிவி, அதாவது ஒப்பந்தத்தின் மொத்த மதிப்பு. தலைப்பில் வருவது எப்போதும் இந்த எண்தான், ஏனென்றால் இருப்பதிலேயே பெரிய எண் இதுதான். 2018 ஜனவரியில் டிசிஎஸ் டிரான்ஸ்அமெரிக்கா என்ற அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்துடன் 200 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள ஒப்பந்தத்தை அறிவித்தது. கேட்க எவ்வளவு பிரமாண்டம்! ஆனால் அது 10 வருடத்துக்கு. வருடத்துக்கு 20 கோடி டாலர் என்று வையுங்கள்; அந்த நிதியாண்டில் டிசிஎஸ்ஸின் மொத்த வருமானம் சுமார் 1,900 கோடி டாலர், ஆக ஏறத்தாழ ஒரு சதவீதம். அதுவும் முழு 10 வருடம் ஓடவில்லை, 2023 ஜூனில் இரண்டு தரப்பும் பாதியிலேயே முடித்துக்கொண்டன. இன்னொன்று, அந்த ஒப்பந்தத்தில் க்ளையண்டின் 2,200க்கும் மேற்பட்ட ஊழியர்கள் டிசிஎஸ் பக்கம் வருவதாக இருந்தது. இதை ரீபேட்ஜிங் என்பார்கள். அதாவது பெரிய ஒப்பந்தம் வந்தால் பெஞ்சில் இருப்பவர்களுக்கெல்லாம் வேலை வந்துவிடும் என்று நாம் நினைப்போம், அங்கே அந்த வேலையைச் செய்ய ஏற்கெனவே ஆள் இருக்கும், அடையாள அட்டை மட்டும் மாறும்.

சில செய்திகள் உறுதியான ஒப்பந்தம்கூட இல்லை. 2023 செப்டம்பரில் இன்ஃபோசிஸ், பெயர் வெளியிடாத ஓர் உலகளாவிய நிறுவனத்துடன் 15 வருடத்துக்கு 150 கோடி டாலர் மதிப்பில் ஏஐ சார்ந்த புரிந்துணர்வு ஒப்பந்தம் என்று அறிவித்தது. டிசம்பரில் அந்த க்ளையண்ட் விலகிவிட்டதாக அறிவிப்பு. இதில் யார்மேலும் தப்பு இல்லை, எம்ஓயு எனும் புரிந்துணர்வு ஒப்பந்தம் அப்படித்தான், பொதுவாக யாரையும் கட்டிப்போடாது. ஆனால் செப்டம்பர் செய்தி போய்ச் சேர்ந்த இடத்துக்கெல்லாம் டிசம்பர் செய்தியும் போய்ச் சேர்ந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் கேள்விக்கு நேரடியான பதில் இன்ஃபோசிஸின் 2023-24 ஆண்டுக் கணக்கிலேயே இருக்கிறது. அந்த வருடம் பெரிய ஒப்பந்தங்களின் மொத்த மதிப்பு 1,770 கோடி டாலர், அதுவரை அவர்கள் பார்த்ததிலேயே அதிகம். அதில் 52 சதவீதம்தான் புதிது, மீதி பழைய ஒப்பந்தங்களின் புதுப்பிப்பு வகை. நாணய மாற்றத்தைக் கழித்தால் வருமான வளர்ச்சி 1.4 சதவீதம். ஊழியர் எண்ணிக்கை? கிட்டத்தட்ட 26,000 பேர் குறைந்தார்கள். சாதனை அளவு ஒப்பந்தம், நத்தை வேக வருமானம், குறையும் தலைக்கணக்கு, மூன்றும் ஒரே வருடம், மூன்றும் உண்மை. மெயிலின் தலைப்புக்கு எது போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இது எப்படி நடக்கிறது என்பதுதான் விலை போடும் மேசையிலிருந்து நன்றாகத் தெரியும். ஐந்து வருட ஒப்பந்தம் ஒன்றுக்கு விலை போடுகிறோம் என்று வையுங்கள். முதல் ஆறு மாதம் டிரான்சிஷன், பழைய வெண்டரிடமிருந்து (அதுவரை அந்த வேலையைச் செய்த நிறுவனத்திடமிருந்து) வேலையைக் கற்றுக்கொள்ளும் காலம். அதற்கு க்ளையண்ட் பெரும்பாலும் காசு தரமாட்டார், தந்தாலும் கொஞ்சம்தான், ஆக ஆரம்பத்தில் நமக்கு நஷ்டம். அப்புறம் வருடா வருடம் விலை குறையும் என்று நாமே எழுதிக் கொடுத்திருப்போம், "கமிட்டட் புரொடக்டிவிட்டி" என்ற வரியில். முதல் வருடம் 100 பேர் செய்ததை நான்காம் வருடம் 75 பேர் செய்ய வேண்டும், அந்த 75 பேரிலும் சீனியர்கள் குறைந்து புதியவர்கள் கூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் லாபம் வராது. இதைத்தான் பிரமிடைச் சரிசெய்வது என்று மீட்டிங்கில் சொல்வார்கள். இப்போது ஏஐ வந்தபிறகு க்ளையண்ட் ஆர்எஃப்பியிலேயே கேட்கிறார், ஏஐயால் மிச்சமாகும் உழைப்பில் எங்கள் பங்கு எவ்வளவு, அதை முதல் வருடத்திலிருந்தே விலையில் கழித்துக்கொடு என்று. நாமும் கழித்துக் கொடுக்கிறோம், ஏனென்றால் பக்கத்து நிறுவனமும் கழிக்கிறது. ஆக ஒப்பந்தம் கையெழுத்தாகும் அன்றே, அதில் வேலை செய்யப்போகும் டீம் எந்த வருடம் எத்தனை பேராகச் சுருங்கும் என்பது ஒரு எக்செல் தாளில் இருக்கிறது. அந்தத் தாள் டவுன்ஹாலுக்கு, அதாவது ஊழியர்களைக் கூட்டிப் பேசும் கூட்டத்துக்கு, வராது.

வளர்ச்சி சதவீதத்துக்கு வருவோம். 2022 செப்டம்பர் காலாண்டில் டிசிஎஸ்ஸின் வளர்ச்சி எவ்வளவு என்று கேட்டால் மூன்று சரியான பதில்கள் உண்டு: ரூபாயில் 18 சதவீதம், கான்ஸ்டன்ட் கரன்சியில் (நாணய மாற்று விகிதம் மாறவே இல்லை என்று வைத்துக் கணக்கிட்டால்) 15.4 சதவீதம், டாலரில் 8.6 சதவீதம். ஒரே நிறுவனம், ஒரே காலாண்டு, ஒரே வேலை. ரூபாய் டாலருக்கு எதிராகச் சரிந்திருந்தது, பவுண்டும் யூரோவும் சரிந்திருந்தன, அவ்வளவுதான் விஷயம். உண்மையில் வேலை எவ்வளவு கூடியது என்று பார்க்க கான்ஸ்டன்ட் கரன்சி எண்தான் சரி, மற்ற இரண்டையும் பார்த்து மனசைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம், குளிர்ந்துபோகவும் வேண்டாம். நிறுவனத்தை விலைக்கு வாங்கி வரும் வளர்ச்சியும் அப்படித்தான். காக்னிசன்ட் 2024இல் பெல்கன் என்ற பொறியியல் சேவை நிறுவனத்தைச் சுமார் 130 கோடி டாலருக்கு வாங்கியது, அடுத்தடுத்த காலாண்டுகளின் வளர்ச்சியில் அந்த வருமானமும் சேர்ந்துகொண்டது. வியாபாரமாக அது நியாயமான முடிவுதான், ஆனால் உங்கள் ப்ராஜெக்ட்டுக்கு அதனால் புதிதாக ஒரு டிக்கெட்கூட (செய்து முடிக்க வரும் வேலைக் கோரிக்கை) வந்திருக்காது.

சம்பள உயர்வு விஷயம் கொஞ்சம் கசக்கும். காலாண்டு முடிவு வந்தபின் நிதித் தலைவர் ஆய்வாளர்களுடன் பேசும் அழைப்பின் எழுத்து வடிவம் நிறுவனத்தின் இணையதளத்திலேயே கிடைக்கும், ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். லாப விகிதம் ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று ஒவ்வொரு காரணமாகச் சொல்வார்கள். அதில் சம்பள உயர்வு "ஹெட்விண்ட்" பட்டியலில், அதாவது லாபத்தைக் கீழே இழுக்கும் காரணங்களில், இருக்கும், விசா செலவுக்குப் பக்கத்தில். யூடிலைசேஷன் (ப்ராஜெக்ட்டில் இருப்பவர்களின் விகிதம்) ஏறியது, சப்காண்ட்ராக்டர் (வெளியிலிருந்து எடுக்கும் ஆள்) செலவு குறைந்தது, இவையெல்லாம் நல்ல பட்டியலில். அப்படியானால் வருமானம் மெதுவாக ஏறும் காலாண்டில் லாப விகிதத்தைக் காப்பாற்ற எளிய வழி எது? உயர்வை ஏப்ரலிலிருந்து ஜூலைக்கோ அக்டோபருக்கோ தள்ளுவது. "லாப விகிதம் முன்னேற்றம்" என்று வரும் மெயிலுக்கும் உங்கள் தள்ளிப்போன உயர்வுக்கும் தொடர்பே இல்லை என்று நினைக்காதீர்கள், சில சமயம் இரண்டும் ஒன்றேதான். இன்னொரு காரணமும் உண்டு. 2022 ஜூன் காலாண்டில் இன்ஃபோசிஸின் அட்ரிஷன் (வேலையை விட்டுப் போவோர் விகிதம்) 28.4 சதவீதம்வரை போனது. அந்த நேரத்தில் துறை முழுக்கவே ஆளைப் பிடித்துவைக்க வாரிக் கொடுத்தார்கள். இப்போது அந்த அளவுக்கு யாரும் போவதில்லை, போக இடமும் அவ்வளவாக இல்லை, பிறகு ஏன் கொடுப்பார்கள்?

டிசிஎஸ் 2024-25இல் 3,000 கோடி டாலர் வருமானத்தைத் தாண்டியது. அது முடிந்து சில மாதத்தில், 2025 ஜூலையில், சுமார் 2 சதவீதம், அதாவது 12,000 பேருக்கு மேல், அதிலும் பெரும்பாலும் நடுநிலை, மூத்த நிலைகளில் குறைக்கப்போவதாகச் சொன்னது. வருமானம் ஏறினால் ஆள் ஏறும் என்ற பழைய விகிதாசாரம் அறுந்துகொண்டிருக்கிறது என்பதுதான் என் கணிப்பு. நீங்கள் சேர்ந்த காலத்துக் கணக்கை வைத்து இன்றைய செய்தியைப் படித்தால் குழப்பம்தான் வரும்.

சரி, இருக்கலாமா, கிளம்பலாமா? நிறுவனச் செய்தியை வைத்து அதை முடிவு செய்யாதீர்கள், நல்ல செய்தியாக இருந்தாலும் சரி, கெட்ட செய்தியாக இருந்தாலும் சரி. மூன்று லட்சம் பேர் இருக்கும் இடத்தில் உங்களுக்கு நிறுவனம் என்றால் உங்கள் அக்கவுண்ட்தான், அதாவது நீங்கள் வேலை செய்யும் அந்த ஒரு க்ளையண்டின் வேலைகள்தான். நிறுவனம் திணறும்போது நிம்மதியாக இருந்த அக்கவுண்ட்களையும் பார்த்திருக்கிறேன், சாதனைக் காலாண்டில் ஒரே வாரத்தில் காலியான டீமையும் பார்த்திருக்கிறேன் (க்ளையண்ட் சொந்தமாக ஜிசிசி, அதாவது தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் மையம், திறந்துவிட்டார், வேலை உள்ளே போய்விட்டது). உங்கள் க்ளையண்டின் காலாண்டு முடிவைப் படியுங்கள், உங்கள் நிறுவனத்தின் முடிவைவிட அது அதிகம் சொல்லும். அவர்கள் "செலவுக் குறைப்புத் திட்டம்" என்று அறிவித்திருந்தால் அதில் வெண்டர் செலவு பெரும்பாலும் இருக்கும். வெண்டர்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறோம் என்றால் இரண்டு பக்கமும் நடக்கலாம், மற்ற வெண்டரின் வேலை உங்களுக்கு வரலாம், உங்கள் வேலை அவர்களுக்குப் போகலாம். டீமில் ஒருவர் கிளம்பினால் அந்த இடத்துக்கு ஆள் எடுக்கிறார்களா, இல்லை இருப்பவர்கள் தலையில் கட்டுகிறார்களா என்று கவனியுங்கள்.

அப்புறம் உங்கள் மேனேஜரிடம் தனியாகப் பேசும்போது கேட்க வேண்டியது, "கம்பெனி நல்லா போகுதா சார்" என்று இல்லை. நான் இருக்கும் எஸ்ஓடபிள்யூ (என்ன வேலை, எவ்வளவு காலம் என்று சொல்லும் ஒப்பந்த ஆவணம்) எந்த மாதம் முடிகிறது, புதுப்பிப்புப் பேச்சு தொடங்கிவிட்டதா, புதுப்பித்தால் என் ரோல் அதில் பில்லபிளாக (க்ளையண்ட் காசு தரும் இடமாக) இருக்கிறதா. இந்த மூன்றையும் நேரடியாகக் கேளுங்கள், தப்பாக நினைக்கமாட்டார், அவருக்கும் அதே கவலை இருக்கும். முடிய மூன்று மாதம்கூட இல்லை, இன்னும் பேச்சே எழவில்லை என்றால் அன்றே உள்ளுக்குள் வேறு அக்கவுண்ட் தேடத் தொடங்குங்கள், பெஞ்சுக்கு வந்தபிறகு ஆர்எம்ஜியிடம் (ஆட்களை ப்ராஜெக்ட்டுகளுக்கு ஒதுக்கும் குழுவிடம்) போய் நின்றால் அவர்கள் கொடுப்பதுதான் கிடைக்கும். புதுப்பிப்பு முடிந்துவிட்டது, நீங்களும் அதில் இருக்கிறீர்கள் என்றால் ஒரு வருடம் மூச்சுவிடலாம், அந்த நேரத்தில் வெளியே இரண்டு இண்டர்வியூ கொடுத்துப் பாருங்கள், உங்கள் சந்தை விலை என்ன என்று தெரிந்துகொள்ள மட்டுமாவது.