அப்பா குடிகாரர் என்றால் என் மூளை அலையிலும் அது தெரியுமா?

அப்பா குடிப்பவர், மூளை அலையைப் பதிவு செய்தால் நமக்கும் அந்தப் பழக்கம் வருமா என்று தெரிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கும் ராத்திரியில் இரும்புக் கதவில் சாவி துவாரத்தைத் தேடும் சத்தம் பழக்கமாக இருக்கும். எனக்கு சிங்கப்பூர் அங் மோ கியோ வீட்டில் 15 வருஷம் அதுதான்.

கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையில் ஒருநாள் மயங்கி விழுந்தேன். தலையெல்லாம் பசை தடவி ஒயர் ஒட்டி, மூளை அலையைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுத்தார்கள். வலிப்பு இல்லை என்றார் டாக்டர். "அப்பா குடி இதில் தெரிகிறதா?" என்று கேட்டேன். அதற்கான சோதனை இது இல்லை என்றார். முடியில் காய்ந்த பசை இரண்டு நாள் போகவில்லை, அந்தக் கேள்வியும்தான்.

பிறகு தேடிப் படித்தேன். 1984-இல் அமெரிக்காவில் ஹென்றி பெக்லைட்டர் குழுவினர், குடிநோயாளிகளின் 7 முதல் 13 வயது மகன்களுக்குத் தலையின் கோட்டுப்படத்தைக் காட்டி, இருப்பது இடக் காதா வலக் காதா என்று பட்டனை அழுத்தச் சொன்னார்கள். படம் தெரிந்து சுமார் 300 மில்லி விநாடிக்குப் பின் எழும் பி300 அலை, மற்ற பையன்களைவிட இவர்களுக்குச் சிறியதாக இருந்தது. குடியே அறியாத பிள்ளைகள் அவர்கள்! அப்படியென்றால் அது குடி செய்த சேதம் இல்லை. குடிநோயின் மரபணுக் காரணங்களைத் தேட அமெரிக்காவில் 1989-இல் தொடங்கிய கோகா ஆய்வில், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே குடிநோயாளிகளுக்கு வேகமான பீட்டா அலை கூடுதலாக இருந்தது. அது காப்ரா2 என்ற மரபணுவோடும் சேர்ந்து வந்தது. மூளையின் பிரேக் போன்ற காபா என்ற வேதிப்பொருளைப் பிடிக்கும் ஏற்பியின் ஒரு பகுதியை உண்டாக்கும் மரபணு அது.

ஆனால் இதெல்லாம் பலரைச் சேர்த்துப் பார்த்துச் சொல்வது. உங்கள் ஒருவர் தலையில் ஒயர் ஒட்டி, நீங்கள் குடிகாரர் ஆவீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. குடிநோயில் பரம்பரையின் பங்கு ஏறக்குறைய பாதிதான். "ரத்தத்தில் இல்லை, எல்லாம் மன உறுதி" என்று சண்டைக்கு வருபவர்களும் அந்தப் பாதியை மறக்க வேண்டாம். நான் டாக்டர் இல்லை, சரி. ஆனால் அந்த வீட்டில் வளர்ந்தவன்.

அப்பாவின் சாவன்று எங்கள் அடுக்குமாடி புளோக்குக் கீழே நாற்காலி போட்டிருந்தோம். காப்பிக் கடையில் அவரோடு குடித்தவர் ஒருவர் பீர் டின்னை என் கையில் திணித்து, "அவன் ரத்தம்டா நீ, குடிக்காமலா இருப்ப?" என்றார். நான் டின்னை அவர் காலடியில் வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவரை இன்றுவரை மன்னிக்கவில்லை.