காதலித்தால் தெளிந்துவிடுமா?

கேள்வி: ‘இட்ஸ் ஓகே, தட்ஸ் லவ்’ என்ற கொரியத் தொடரை என் மகள் சொல்லிப் பார்த்தேன். மனச்சிதைவு நோய் வந்த எழுத்தாளன் ஒருவன் காதலியின் அன்பால் குணமாகி நல்லபடியாக வாழ்கிறான். காதலித்தால் பைத்தியம் தெளிந்துவிடுமா? நோயாளிகளின் குடும்பங்களுக்கு இப்படிப் பொய்யாக ஆசை காட்டலாமா?
– வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: தெளியாது. ஆனால் தெளியும் என்று அந்தத் தொடர் எங்கே சொல்கிறது? 2014இல் எஸ்பிஎஸ் தொலைக்காட்சியில் 16 பகுதிகளாக வந்தது. கடைசிச் சில பகுதிகளை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். அந்த எழுத்தாளர் ஜாங் ஜே-யோலை மனநலப் பிரிவில் சேர்க்கிறார்கள். மருந்து கொடுக்கிறார்கள், மருந்தின் பக்கவிளைவில் அவர் படும் பாட்டையும் மறைக்காமல் காட்டுகிறார்கள். அவரைக் காதலிக்கும் ஹே-சூவே மனநல மருத்துவர்தான். அன்பு மட்டும் போதும் என்று அவர் நினைத்திருந்தால் ஆஸ்பத்திரி எதற்கு?

அந்தச் சிறுவன் காங்-ஊவை மறந்திருக்க மாட்டீர்கள். எப்போதும் வெறுங்காலோடு வருவான். அவன் ஜே-யோலின் கண்ணுக்கு மட்டுமே தெரிபவன் என்று நான்காம் பகுதியின் முடிவில் நமக்குத் தெரிகிறபோது தூக்கிவாரிப்போடுகிறது. சின்ன வயதில், அடிக்கும் மாற்றாந்தந்தைக்குப் பயந்து செருப்பில்லாமல் ஓடிய பையன் ஜே-யோல். அந்தக் கால்கள்தான் காங்-ஊவின் கால்கள். பிற்பாடு ஜே-யோல் அவன் காலைக் கழுவிவிட்டு, புது ஷூ போட்டுவிட்டு விடைகொடுக்கிறார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிற காட்சி அது.

குறை சொல்ல வேண்டுமென்றால் அந்தக் காட்சியைத்தான் சொல்ல வேண்டும். இந்த நோயில் அதிகம் வருவது குரல்கள். யாரோ திட்டுவதுபோல, ஏவுவதுபோலக் காதில் கேட்கும். ஒரு முழு ஆள் வருஷக்கணக்கில் கூடவே நடந்து பேசுவது திரைக்கு வசதி, நிஜத்தில் அபூர்வம். ‘இது என் மனம் காட்டும் தோற்றம்’ என்று ஒருவர் உணர்வதும் இவ்வளவு சீக்கிரம் நடந்துவிடாது. தனக்கு நோய் இருப்பதையே பலர் ஒப்புக்கொள்வதில்லை, அதுவும் நோயின் ஒரு பகுதி. கொஞ்சம் தேறியதும், “நல்லாத்தானே இருக்கான், இன்னும் எதுக்கு மாத்திரை?” என்று வீட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். சில மாதங்களில் பழையபடி திரும்பும். தொடரில் இந்த இழுபறிக்கு இன்னும் நேரம் ஒதுக்கியிருக்கலாம்.

ஆனால் மீண்டு வருவதே பொய் என்கிறீர்களே, அதை ஏற்க மாட்டேன். சென்னையில் 1980களின் தொடக்கத்தில், முதன்முறையாக இந்த நோய் கண்ட 90 பேரை மருத்துவர்கள் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது பெரும்பாலானவர்கள் நன்றாகத் தேறியிருந்தார்கள். எல்லோரும் அல்ல, இடையில் இறந்துபோனவர்களும் உண்டு. மூன்றில் ஒருவராவது முழுமையாக மீள்கிறார் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. மீளுவது என்றால் நோய் வந்த சுவடே இல்லாமல் போவது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பலருக்கு மாத்திரை தொடரும், எப்போதாவது குரலும் கேட்கும். அதோடு வேலைக்குப் போய், சமைத்து, சண்டை போட்டு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி வாழ்கிறார்கள்.

அப்புறம், ‘பைத்தியம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கொரியாவில் இந்த நோய்க்கு முன்பு ‘மனம் பிளவுபட்ட நோய்’ என்ற பொருளில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரே நோயாளிகளை ஒதுக்கிவைக்கிறது என்று 2011இல் மாற்றினார்கள். புதுப் பெயருக்குத் தந்தியைச் சுருதி கூட்டுவது என்று பொருள். சுருதி கலைந்த தந்தியை மறுபடி கூட்டலாம் அல்லவா? ஜப்பான் 2002லேயே மாற்றிவிட்டது. நாம் இன்னும் ‘சிதைவு’ என்கிறோம். சிதைந்தது திரும்புமா என்று அந்தச் சொல்லைக் கேட்கிற தாய்க்குத் தோன்றாதா? எனக்கு அந்தச் சொல்லே பிடிக்கவில்லை. வேறு நல்ல சொல் பழக்கத்துக்கு வரும்வரை வேண்டாவெறுப்பாகத்தான் எழுதுகிறேன்.

உங்கள் பயத்தில் ஒரு நியாயம் உண்டு, அது தொடரைவிட நம் வீடுகளுக்குப் பொருந்தும். “ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாயிடும்” என்று நோயை மறைத்துக் கல்யாணம் செய்துவைக்கிறோமே, அதுதான் பொய்யான ஆசை. வந்த பெண்ணுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து பையன் மாத்திரையை நிறுத்துவான். நோய் முற்றும். பழி அந்தப் பெண்ணின் ராசி மேல் விழும். ஹே-சூவுக்கு ஜே-யோலின் நோய் என்னவென்று தெரியும். தெரிந்துதான் அவரோடு நிற்கிறார். அந்தத் தொடரிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதை.

தெரிந்த குடும்பம் எதையாவது மனதில் வைத்து இதைக் கேட்டிருந்தால், அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலிமானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. முதல் நாள் அவர்களைத் தனியாக அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள்.