மானிட்டர் மாறியது, ஒலி போனது: சவுண்ட் கார்டு வாங்க வேண்டுமா?

கேள்வி: என் மேசைக் கணினிக்குப் புதிய மானிட்டர் வாங்கி எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்தேன். அன்று முதல் ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. பழுது பார்ப்பவர் மதர்போர்டில் உள்ள ஆடியோ சிப் போய்விட்டது என்றும், தனியாகச் சவுண்ட் கார்டு வாங்க வேண்டும் என்றும் சொல்கிறார். வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மானிட்டரை மாற்றிய அதே நாளில் ஒலி நின்றது என்றால் சிப்பைவிட அந்தக் கேபிளைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். எச்டிஎம்ஐ கேபிள் படத்தோடு ஒலியையும் சுமந்து செல்வதால், விண்டோஸ் புதிய மானிட்டரையே ஒலி வெளியீட்டுக்கான சாதனமாக எடுத்துக்கொண்டு, எல்லா ஒலியையும் அங்கே அனுப்பிவிடுவது உண்டு. மானிட்டரில் ஸ்பீக்கர் இல்லாமல் ஹெட்போன் துளை மட்டும் இருந்தாலும் இப்படி நடக்கும்.

ஏதாவது ஒரு பாட்டை ஓடவிட்டு, திரையின் வலது கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் குறியைச் சொடுக்குங்கள். ஒலி அளவுக் கோட்டை ஒட்டியிருக்கும் சிறு அம்புக்குறியை அழுத்தினால் சாதனங்களின் பட்டியல் விரியும். அதில் மானிட்டரின் மாடல் பெயர் தேர்வாகியிருந்தால், ரியல்டெக் என்றோ ஹை டெஃபினிஷன் ஆடியோ என்றோ உள்ள வரிக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் அந்த நொடியே பாட்டு கேட்கும்.

கேட்கவில்லை என்றால் ஸ்பீக்கரின் வயரைக் கைபேசியில் செருகிப் பாருங்கள். கைபேசியில் அந்தத் துளை இல்லையென்றால் பழைய ரேடியோவோ டிவியோ போதும். அங்கே ஸ்பீக்கர் பாடினால் அதன் மேல் குற்றமில்லை. அடுத்து, கேபினட்டின் பின்பக்கம் உள்ள பச்சைத் துளையில் ஹெட்போனைச் செருகுங்கள். இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து ஒலியை உள்ளே வாங்குவதற்கு. மேசைக்கடியில் குனிந்து தடவிச் செருகும்போது இவை மாறிப்போவது எல்லோருக்கும் நேர்வதுதான். முன்பக்கத் துளையை மட்டும் சோதித்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். அது கேபினட்டுக்குள் ஓடும் ஒரு மெல்லிய வயரால் மதர்போர்டோடு இணைந்திருப்பதால், வயர் கழன்றால் அந்தத் துளை மட்டும் செத்துப்போகும், சிப் நலமாகவே இருக்கும்.

சாதனப் பட்டியலில் ரியல்டெக் போன்ற பெயரே காணப்படாவிட்டால், மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து ஆடியோ டிரைவரை, அதாவது விண்டோஸ் ஒலிச் சிப்பை இயக்க உதவும் மென்பொருளை, இறக்கி நிறுவுங்கள். பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரையில், உள்ளமைந்த ஆடியோ அணைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இவற்றுக்குப் பின்னும் சிப்தான் போய்விட்டது என்று பழுது பார்ப்பவர் உறுதியாகச் சொன்னால், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளம் உள்ள பென் டிரைவில் கணினியைத் தொடங்கி, ஒலி வருகிறதா என்று உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். அங்கே ஒலி வந்தால் பழுது விண்டோஸில் இருக்கிறது, சிப்பில் இல்லை.

உண்மையிலேயே சிப் பழுதாகியிருந்தாலும், கேபினட்டைத் திறந்து பொருத்த வேண்டிய சவுண்ட் கார்டைவிட யுஎஸ்பி ஆடியோ அடாப்டரையே நான் பரிந்துரைப்பேன். அதைச் செருகினால் போதும், நாளை மடிக்கணினிக்கும் உதவும். வாங்குமுன் உங்கள் ஹெட்செட்டின் பின்னை உற்றுப் பாருங்கள்: மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தால் மைக்கும் அதே பின்னில் இருக்கிறது, அதற்கு ஒற்றைத் துளை உள்ள அடாப்டர் வேண்டும். ஹெட்போனுக்கும் மைக்குக்கும் தனித்தனித் துளை உள்ளதை வாங்கினால் மைக் வேலை செய்யாது.

கேள்வி: ஸ்பீக்கரில் இடைவிடாமல் 'உம்' என்ற இரைச்சல் கேட்கிறது. புது ஸ்பீக்கர் வாங்கினால் தீருமா?

பதில்: தீராமலும் போகலாம். அதே ஸ்பீக்கரை, சார்ஜரில் இல்லாத கைபேசியோடு இணைத்துப் பாருங்கள். இரைச்சல் தொடர்ந்தால் ஸ்பீக்கரிலோ அதன் வயரிலோதான் கோளாறு. நின்றுவிட்டால், கணினியும் ஸ்பீக்கரும் வெவ்வேறு பிளக்குகளில் இருந்து மின்சாரம் எடுப்பதால் எர்த் வயர்கள் வழியே சுற்றிவரும் சிறு மின்னோட்டம் காரணமாக இருக்கலாம்; இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகினால் பல சமயம் அடங்கிவிடும். இரைச்சலை ஒழிக்க எர்த் பின்னைக் கழற்றும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது உயிருக்கே ஆபத்து, ஒருபோதும் செய்யாதீர்கள்.